வெளிநாட்டில் தயாராகும் மலிவு விலை எலக்ட்ரிக் கிட்டார்: சோதித்து வாங்குவதற்கான முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரில் 250 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) முதல் 700 வெள்ளி வரை விற்கும் எலக்ட்ரிக் கிட்டார்களில் பெரும்பாலானவை இந்தோனேசியாவிலோ சீனாவிலோ தயாரானவை. ஸ்குவையர், எப்பிஃபோன், யமஹா பசிஃபிகா, ஐபனெஸ் ஜியோ, கோர்ட் ஆகிய பெயர்களில் எது சிறந்தது என்று ஆராய்வதிலேயே புதிதாக வாங்குபவர்கள் தங்கள் நேரம் முழுவதையும் செலவிட்டுவிடுகிறார்கள். ஒரே மாதிரியில், ஒரே நிறத்தில், ஒரே சுவரில் தொங்கும் இரண்டு கிட்டார்களுக்கு இடையே உள்ள வேறுபாடு, இரண்டு நிறுவனங்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டைவிடப் பெரிதாக இருப்பதுண்டு. ஆகவே எந்தப் பெயரை வாங்குவது என்பதை இங்கே விவாதிக்கவில்லை. கையில் எடுத்த கிட்டாரை எந்த வரிசையில் சோதிப்பது, ஒவ்வொரு சோதனையும் எதைக் காட்டுகிறது என்பவற்றை மட்டும் விளக்குகிறேன்.

வரிசைதான் இதில் முக்கியம். எவ்வளவு செலவழித்தாலும் சரியாகாத குறையை முதலில் தேடவேண்டும். பணம் கொடுத்தால் சரியாகும் குறை அதற்கடுத்தது. ஒரு திருப்புசாவியால் சில நிமிடங்களில் சரியாகிவிடும் குறைக்காகக் கிட்டாரை ஒதுக்கவே கூடாது. புதியவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: ஆம்ப்ளிஃபையரில் இணைத்து ஒலி பிடித்திருக்கிறதா என்று முதலில் கேட்டுவிடுகிறார்கள், ஒலி பிடித்துவிட்டால் மற்ற எதையும் பார்ப்பதில்லை.

1. வீட்டிலிருந்து எடுத்துச் செல்லவேண்டியவை

அரை மில்லிமீட்டர் கோடுகள் உள்ள 15 சென்டிமீட்டர் எஃகு அளவுகோல், சுருதி காட்டும் கிளிப் டியூனர், நெக்கில் மாட்டித் தந்திகளை அழுத்திப்பிடிக்கும் ஒரு கேப்போ, நன்றாக வேலை செய்யும் உங்கள் சொந்த கேபிள், நேரான விளிம்புள்ள ஒரு பிளாஸ்டிக் அட்டை ஆகியவை போதும். பயண அட்டையோ வங்கி அட்டையோ இதற்கு உதவும். சிறு இடைவெளிகளை அளக்க வாகனப் பழுதுபார்ப்போர் பயன்படுத்தும் ஃபீலர் கேஜ் இருந்தால் இன்னும் நல்லது, அதில் 0.25 மில்லிமீட்டர் தகடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சொந்த கேபிளை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. கடையிலுள்ள கேபிள் நாள் முழுவதும் பலர் கையில் புழங்குவது. அது கரகரத்தால் குற்றம் கிட்டாரில் கேபிள் செருகும் ஜாக்கில் இருக்கிறதா, கேபிளில் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க இயலாது.

நகர மண்டப எம்ஆர்டி நிலையத்தை ஒட்டிய பெனின்சுலா, எக்செல்சியர் கடைத்தொகுதிகளுக்கும் பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸுக்கும் வார நாள் பிற்பகலில் செல்வது நல்லது. சனிக்கிழமை மாலையில் பக்கத்தில் மூவர் வாசித்துக்கொண்டிருக்கும்போது கிட்டாரின் கழுத்தில் குறுக்காகப் பதித்த உலோகக் கம்பிகளான ஃபிரெட்டுகளில் ஒன்றின் மெல்லிய அதிர்வொலி காதில் விழாது. ஒரே மாதிரியில் இருப்பில் உள்ள இரண்டு மூன்று கிட்டார்களையும் எடுத்துக்காட்டும்படி தயங்காமல் கேளுங்கள்.

2. எங்கே செலவு குறைக்கப்படுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

கிட்டாரின் உடலையும் கழுத்துப் பகுதியான நெக்கையும் இன்று கணினி வழி இயங்கும் செதுக்கு இயந்திரங்களே வெட்டுகின்றன. விலை குறைந்த கிட்டாரிலும் இந்த வெட்டு பெரும்பாலும் துல்லியமாகவே இருக்கும். செலவு குறைக்கப்படுவது அதற்குப் பிந்திய கைவேலையில்தான்: ஃபிரெட்டுகளைச் சமப்படுத்துவது, அவற்றின் முனைகளை உருட்டி மழுங்கச் செய்வது, தந்திகள் அமரும் நட் என்ற துண்டில் காடி அறுப்பது, கடைசியாக எல்லாவற்றையும் பொருத்திச் சரிபார்ப்பது. இந்த மேசைகளில் ஒவ்வொரு கிட்டாருக்கும் எத்தனை நிமிடம் ஒதுக்கப்படுகிறது என்பதே விலையைப் பெருமளவு தீர்மானிக்கிறது. ஆகவே உங்கள் கண்ணும் விரலும் போகவேண்டிய இடங்களும் அவையே.

நாட்டின் பெயர் மட்டும் தரத்தைச் சொல்லாது. கோர்ட் கிட்டார்களைத் தயாரிக்கும் கோர்டெக் நிறுவனத்தின் தொழிற்சாலை இந்தோனேசியாவின் சுரபாயாவில் உள்ளது. வரிசை எண் ஐசிஎஸ் என்று தொடங்கும் ஸ்குவையர் கிட்டார்கள் கோர்டெக்கின் தயாரிப்பே. அவற்றைவிட விலை கூடிய பிஆர்எஸ் நிறுவனத்தின் எஸ்இ வரிசையும் கோர்டெக்கிடமிருந்துதான் வருகிறது. ஒரே நிறுவனம் கொடுக்கப்படும் விலைக்கேற்ற அளவு கைவேலையைச் செய்து தருகிறது. எப்பிஃபோனைப் பொறுத்தவரை சீனாவின் சிங்டாவில் கிப்சன் நிறுவனத்துக்குச் சொந்தத் தொழிற்சாலையே இருக்கிறது.

மரத்தைப் பற்றி அதிகம் கவலைப்படவேண்டாம். பாப்லர், பாஸ்வுட், நம் வட்டாரத்தில் விளையும் நியாத்தோ ஆகியவை இந்த விலையில் வழக்கமான உடல் மரங்கள், மூன்றிலும் நல்ல கிட்டார்கள் வருகின்றன. நெக்கின் மேல் விரல்கள் பதியும் ஃபிங்கர்போர்டில் ஈட்டி மரம் இல்லையே என்று சிலர் வருந்துகிறார்கள். 2017 ஜனவரியில் ஈட்டி மரம் அடங்கிய டால்பெர்ஜியா பேரினம் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகம் குறித்த சைட்டஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது, பல நிறுவனங்கள் இந்திய லாரல் எனப்படும் கருமருதுக்கும் ஜட்டோபா போன்ற மரங்களுக்கும் மாறின. 2019 நவம்பரில் தயாராகி முடிந்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்த பிறகும், மலிவு விலை வரிசைகள் பலவற்றில் கருமருதே நிலைத்துவிட்டது. உறுதியில் அது குறைந்த மரமன்று. வறண்டு வெளிறியிருந்தால் சிறிது எண்ணெய் தடவினால் போதும்.

3. வாசிப்பதற்கு முன் கண்ணால் பார்க்கவேண்டியவை

கிட்டாரின் அடிப்பக்கத்தைக் கண்ணுக்கு அருகே வைத்து, உடலில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜிலிருந்து நட்டை நோக்கி நெக்கின் இரு ஓரங்களையும் பாருங்கள். இரண்டு ஓரங்களும் ஒரே தளத்தில் இருக்கவேண்டும். தடித்த தந்தியின் பக்கம் நிமிர்ந்தும் மெல்லிய தந்தியின் பக்கம் சரிந்தும் தெரிந்தால் நெக் முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். முன்பின்னாக வளைந்த நெக்கை அதனுள் இருக்கும் உலோகத் தண்டான டிரஸ் ராட் சரிசெய்யும், முறுக்கிய நெக்கை அது சரிசெய்யாது. அந்தக் கிட்டாரை அங்கேயே சுவரில் மாட்டிவிடுங்கள்.

அடுத்து, மெல்லிய முதல் தந்திக்கும் தடித்த ஆறாவது தந்திக்கும் வெளியே ஃபிங்கர்போர்டில் எவ்வளவு இடம் எஞ்சியிருக்கிறது என்று கடைசி ஃபிரெட்டுக்கு அருகே பாருங்கள். இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாக இருக்கவேண்டும். மெல்லிய தந்தி ஓரத்தை ஒட்டி ஓடினால், வாசிக்கும்போது விரல் சற்றே இழுத்தாலும் தந்தி விளிம்பிலிருந்து நழுவி விழும். திருகாணியால் பொருத்தப்பட்ட நெக்காக இருந்தால், திருகாணிகளைச் சற்றே தளர்த்தி நெக்கைப் பக்கவாட்டில் நகர்த்திச் சரிசெய்ய வாய்ப்புண்டு. ஒட்டப்பட்ட நெக்கில் அந்த வாய்ப்பு இல்லை. எனவே எப்பிஃபோனின் ஒட்டப்பட்ட நெக் உள்ள லெஸ் பால் வடிவங்களில் இதைக் கூடுதல் கவனத்துடன் பாருங்கள்.

நெக் உடலில் சேரும் குழியில் ஒரு தாள் நுழையும் அளவு இடைவெளி இருந்தால் அஞ்சவேண்டியதில்லை. உள்ளே அடித்தளம் நன்றாகப் பதிந்திருந்தால் பக்கவாட்டு இடைவெளி ஒலியைக் கெடுப்பதில்லை. நெக்கைப் பிடித்து மெல்ல அசைக்கும்போது அது நகர்ந்தால்தான் தொல்லை. வண்ணப்பூச்சில் தெரியும் சிறு புள்ளியையும் கீறலையும் இந்தக் கட்டத்தில் கணக்கில் எடுத்துக்கொள்ளாதீர்கள். அவற்றைக் காட்டி விலை குறைத்துக் கேட்கலாம், அவ்வளவே.

4. சுருதி சேர்த்த பிறகே நெக்கின் வளைவை அளக்கவேண்டும்

கடைச் சுவரில் தொங்கும் கிட்டாரில் தந்திகள் பெரும்பாலும் தளர்ந்திருக்கும். வழக்கமான 9–42 தடிமன் தந்தித் தொகுதியைச் சரியான சுருதிக்கு ஏற்றும்போது ஆறு தந்திகளும் சேர்ந்து நெக்கை ஏறத்தாழ 38 கிலோகிராம் விசையுடன் இழுக்கின்றன. அந்த இழுவை இல்லாத நிலையில் எடுக்கும் எந்த அளவுக்கும் பொருளில்லை. ஆகவே கிளிப் டியூனரைப் பொருத்தி முதலில் சுருதி சேருங்கள். ஐந்து நிமிடம் கழித்து மீண்டும் ஒருமுறை சரிபாருங்கள்.

இப்போது முதல் ஃபிரெட்டில் கேப்போவைப் போட்டு, நெக் உடலைச் சந்திக்கும் இடத்திலுள்ள ஃபிரெட்டில் ஆறாவது தந்தியை அழுத்துங்கள். அழுத்தப்பட்ட தந்தியே இப்போது ஒரு நேர்கோடாகிறது. எட்டாவது ஃபிரெட்டின் உச்சிக்கும் தந்தியின் அடிக்கும் இடையே உள்ள இடைவெளி 0.25 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் நெக் நல்ல நிலையில் இருக்கிறது. இடைவெளியே இல்லாவிட்டால் நெக் பின்னோக்கி வளைந்திருக்கிறது. அரை மில்லிமீட்டரைத் தாண்டினால் முன்னோக்கி அதிகமாக வளைந்திருக்கிறது.

இவ்விரண்டும் குறையாகத் தோன்றினாலும் பெரும்பாலும் டிரஸ் ராடைக் கால் சுற்று திருப்பினால் தீர்ந்துவிடும். நீங்கள் அறியவேண்டியது, ராட் வேலை செய்கிறதா என்பதே. கடைக்காரரிடம் சொல்லி அவர் கையாலேயே கால் சுற்று திருப்பச் செய்து மீண்டும் அளந்து பாருங்கள். அளவு மாறினால் ராட் உயிரோடு இருக்கிறது. திருப்ப மறுத்து இறுகி நின்றாலோ, எவ்வளவு திருப்பியும் வளைவு மாறாமல் இருந்தாலோ அந்தக் கிட்டாரை வாங்கவேண்டாம். நாமே சாவியைப் போட்டுத் திருப்புவது முறையன்று. அதன் தலை வழுக்கிவிட்டால் பொறுப்பு நம்முடையதாகிவிடும்.

5. ஃபிரெட்டுகள்: அதிக நேரம் செலவிடவேண்டிய இடம்

வீணையில் மெட்டுகள் மெழுகில் பதிக்கப்படுவதால், ஒரு மெட்டு பிசகினால் மேளம் கட்டுபவர் மெழுகை இளக்கி அதைத் திரும்பப் பதித்துவிடலாம். கிட்டாரின் ஃபிரெட் மரத்தில் அறுத்த காடிக்குள் அடித்து இறக்கப்பட்டது. அது உயர்ந்து நின்றால் அரத்தால் தேய்த்துத்தான் சரிசெய்யவேண்டும், தேய்த்த உலோகம் திரும்ப வராது. நல்ல வேலையாளிடம் எல்லா ஃபிரெட்டுகளையும் சமப்படுத்தக் கொடுத்தால், 300 வெள்ளிக் கிட்டாருக்கு அந்தக் கூலி அதன் விலையில் கணிசமான பகுதியாகிவிடும். மலிவு விலைக் கிட்டாரின் மதிப்பை முடிவு செய்யும் பகுதி இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

சோதனையை மூன்று பிரிவாகச் செய்யலாம்.

முதலாவது, உயரம். பிளாஸ்டிக் அட்டையை இரண்டு தந்திகளுக்கு நடுவே விளிம்பில் நிறுத்தி, அடுத்தடுத்த மூன்று ஃபிரெட்டுகளின் மேல் வையுங்கள். நட்டுக்கு அருகே அட்டையின் நீளமான விளிம்பும், ஃபிரெட்டுகள் நெருங்கும் மேற்பகுதியில் குறுகிய விளிம்பும் பொருந்தும். எந்த இடத்திலும் மூன்று ஃபிரெட்டுகளை மட்டுமே அது தொடவேண்டும். அட்டை முன்னும் பின்னும் ஆடினால் நடு ஃபிரெட் மற்ற இரண்டையும்விட உயர்ந்திருக்கிறது. நெக் முழுவதும் இப்படி நகர்த்திச் செல்லுங்கள், தந்திகளுக்கு இடையிலுள்ள வெவ்வேறு இடங்களிலும் வைத்துப் பாருங்கள். ஒரு ஃபிரெட் ஒரு முனையில் மட்டும் எழும்பியிருப்பது வழக்கமான குறை. ஒன்றிரண்டு இடங்களில் மெல்லிய ஆட்டம் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். நான்கைந்து இடங்களில் ஆடினால் அடுத்த கிட்டாரை எடுங்கள்.

இரண்டாவது, ஒலி. ஆம்ப்ளிஃபையரில் இணைக்காமலேயே ஒவ்வொரு தந்தியிலும் ஒவ்வொரு ஃபிரெட்டையும் அழுத்தி, மிதமான வேகத்தில் மீட்டுங்கள். ஆறு தந்தி, 21 அல்லது 22 ஃபிரெட் என்றால் ஏறத்தாழ 130 ஸ்வரங்கள். பலர் பத்துப் பதினைந்தோடு நிறுத்திவிடுகிறார்கள், ஆனால் குறை ஒரே ஓர் இடத்தில் மட்டும் இருக்கலாம். அதிர்வொலி வரும் இடத்தைக் கவனியுங்கள். நெக் முழுவதும் பரவலாக வந்தால் அது தந்தியின் உயரத்தையோ நெக்கின் வளைவையோ சேர்ந்தது, சரிசெய்யலாம். ஒரே ஃபிரெட்டில் மட்டும் வந்தால் அடுத்துள்ள ஃபிரெட் உயர்ந்திருக்கிறது. ஸ்வரம் அதிர்வதோடு நில்லாமல் மேல் ஃபிரெட்டின் சுருதியாகவே ஒலித்தால் குறை பெரியது.

அதோடு, 12 முதல் 17 வரையுள்ள ஃபிரெட்டுகளில் முதல் இரண்டு தந்திகளை ஒரு முழு ஸ்வர அளவுக்கு மேல்நோக்கி இழுத்துப் பாருங்கள். ஃபிங்கர்போர்டு குறுக்குவாட்டில் வளைந்திருப்பதால், இழுக்கப்படும் தந்தி அந்த வளைவின் உச்சியை நெருங்கும்போது மேலுள்ள ஃபிரெட்டில் தட்டி ஒலி அடங்கிவிடலாம். புதியவர்கள் இந்தச் சோதனையைச் செய்வதே இல்லை, ஏனெனில் அவர்களுக்கு இன்னும் தந்தி இழுக்க வராது. அப்படியானால் வாசிக்கத் தெரிந்த நண்பர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். தேவாலய இசைக்குழுவிலோ சமூக மன்ற வகுப்பிலோ வாசிக்கும் யாரேனும் ஒருவர் பெரும்பாலும் நம் வட்டத்தில் இருப்பார்.

மூன்றாவது, முனைகள். நெக்கின் இரு ஓரங்களிலும் உள்ளங்கையை மேலும் கீழுமாக ஓட்டுங்கள். ஃபிரெட் முனைகள் கையைக் கீறினால் அவை சரியாக மழுக்கப்படவில்லை அல்லது மரம் சுருங்கியதால் உலோகம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. சிங்கப்பூரின் ஈரக்காற்றில் மரம் சுருங்குமா என்று கேட்கலாம். இரவும் பகலும் குளிர்சாதனம் ஓடும் கடையில் மாதக்கணக்கில் தொங்கினால் சுருங்கும். முனைகளை அரத்தால் மழுக்குவது எளிய வேலைதான். எனினும் வாங்குவதற்கு முன்பே கடைக்காரரிடம் சொல்லி இலவசமாகச் செய்து தரக் கேட்பது நல்லது.

6. நட்: எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்ளும் சிறு துண்டு

நெக்கின் தலைப்பகுதியில் தந்திகள் அமரும் காடிகள் கொண்ட துண்டே நட். மலிவு விலைக் கிட்டார்களில் இது பெரும்பாலும் பிளாஸ்டிக்கால் ஆனது. காடிகளை ஆழமாக அறுத்துவிட்டால் துண்டையே மாற்றவேண்டும் என்பதால் தொழிற்சாலைகள் சற்று மேலாகவே அறுத்து விட்டுவிடுகின்றன. விளைவாக முதல் மூன்று ஃபிரெட்டுகளில் தந்தியை அழுத்தக் கூடுதல் வலு தேவைப்படுகிறது, அழுத்தும்போது சுருதியும் ஏறிவிடுகிறது. கற்கத் தொடங்குபவர் வாசிப்பதெல்லாம் அந்த மூன்று ஃபிரெட்டுகளில்தான் என்பதால், விரல் வலித்து அவர் கிட்டாரை மூலையில் வைத்துவிடுவதற்கு இந்தச் சிறு துண்டு பலமுறை காரணமாகிறது.

ஒவ்வொரு தந்தியையும் மூன்றாவது ஃபிரெட்டில் அழுத்திக்கொண்டு, முதல் ஃபிரெட்டின் மேல் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள். ஒரு மெல்லிய தாள் நுழையும் அளவு இருந்தால் சிறப்பு. இடைவெளி கண்ணுக்குத் தெளிவாகப் புலப்படும் அளவு இருந்தால் காடியை ஆழப்படுத்தவேண்டும். இடைவெளி சிறிதும் இல்லாமல், அழுத்தாத தந்தி முதல் ஃபிரெட்டில் தட்டி அதிர்ந்தால் நட்டையே மாற்றவேண்டும். இரண்டுமே செலவு குறைந்த வேலைகள், ஆகவே கிட்டாரை ஒதுக்கவேண்டியதில்லை. கணக்கில் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சுருதி நிற்கவில்லை என்று தந்திகளை இறுக்கும் டியூனிங் சாவிகளைக் குறை சொல்லி, 80 வெள்ளிக்குப் புதிய சாவிகள் வாங்கி மாட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். தந்தியை இழுத்துவிட்ட பிறகு சுருதி ஏறியோ இறங்கியோ நின்று, நட்டுக்கு அப்பால் தந்தியை ஒருமுறை அழுத்திவிட்டால் ‘டிக்’ என்ற ஒலியுடன் அது மாறினால், தந்தி நட்டின் காடியில் சிக்குகிறது. பென்சிலின் கிராஃபைட் தூளைக் காடியில் இட்டால் பலமுறை இந்தத் தொல்லை தீர்ந்துவிடும்.

7. பிரிட்ஜும் தந்தியின் உயரமும்

இப்போதுதான் தந்தியின் உயரத்தை அளக்கவேண்டும். நெக்கின் வளைவும் நட்டின் உயரமும் இதைப் பாதிப்பதால், முன்கூட்டியே அளந்தால் தவறான முடிவுக்கு வருவோம். பன்னிரண்டாவது ஃபிரெட்டின் உச்சியிலிருந்து ஆறாவது தந்தியின் அடிவரை 2 மில்லிமீட்டர், முதல் தந்தியின் அடிவரை 1.6 மில்லிமீட்டர் என்பது வசதியான அளவு. அதைவிட உயரமாக இருந்தால், பிரிட்ஜில் தந்திகள் அமரும் சேடில்களில் கீழிறக்க இன்னும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். சேடில் ஏற்கெனவே அடித்தட்டைத் தொட்டுக்கொண்டிருந்தும் தந்தி உயரமாகவே இருந்தால் நெக் பொருத்தப்பட்ட கோணம் பிசகியிருக்கிறது. திருகாணி நெக்கில் மெல்லிய தகடு வைத்து அதைச் சரிசெய்யலாம்.

நெக் முழுவதும் சுருதி ஒத்து வருகிறதா என்னும் இன்டோனேஷனை டியூனரால் சோதியுங்கள். பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு நேர் மேலே தந்தியை மெல்லத் தொட்டு எழுப்பும் ஒலியும், அதே ஃபிரெட்டை அழுத்தி எழுப்பும் ஒலியும் ஒரே சுருதியில் நிற்கவேண்டும். அழுத்திய ஒலி ஏறியிருந்தால் சேடிலை நட்டிலிருந்து விலகிப் பின்னுக்கும், இறங்கியிருந்தால் நட்டை நோக்கி முன்னுக்கும் நகர்த்தவேண்டும். கடையில் அவை ஒத்திருக்கவேண்டும் என்பதில்லை, நகர்த்துவதற்குத் திருகாணியில் இடம் எஞ்சியிருக்கிறதா என்பதே கேள்வி. பழைய தந்தியில் இந்தச் சோதனை சரியாக வராது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இந்த விலையில், தந்திகளைப் பூட்டி, ஒரு கைப்பிடியால் சுருதியை ஏற்றி இறக்கும் மிதக்கும் டிரெமலோ பிரிட்ஜ் உள்ள கிட்டாரை முதல் கிட்டாராக வாங்காதீர்கள். அது ஊன்றி அசையும் கத்திமுனைகள் மென்மையான உலோகத்தால் ஆனவையாக இருந்தால் விரைவில் தேய்ந்து, சுருதி ஒருபோதும் நிற்காத நிலை வரும். நிலையான பிரிட்ஜ் உள்ள கிட்டாரே இந்த விலைக்கு அதிக மதிப்பைத் தருகிறது.

8. மின்பகுதியைக் கடைசியில் சோதிக்கவேண்டும்

உங்கள் கேபிளால் இணைத்து, ஒலியைக் கரடுமுரடாக்கும் டிஸ்டார்ஷன் எதுவும் இல்லாத தூய ஒலியை வையுங்கள். டிஸ்டார்ஷன் எல்லாக் கிட்டார்களையும் ஏறத்தாழ ஒரே மாதிரி ஒலிக்கச் செய்து குறைகளை மூடிவிடும். தேர்வு சுவிட்சின் ஒவ்வொரு நிலையிலும் ஒலி வருகிறதா, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகுகளைச் சுற்றும்போது கரகரப்பு எழுகிறதா, கேபிளை மெல்ல அசைக்கும்போது ஒலி அறுகிறதா என்று பாருங்கள். திருகில் கரகரப்பு என்பது ஈரக்காற்று நிறைந்த நம் ஊரில் எதிர்பார்க்கவேண்டியதே. மின்தொடர்பைச் சுத்தம் செய்யும் தெளிப்பான் அதைப் பெரும்பாலும் போக்கிவிடும்.

தந்தியின் அதிர்வை மின்குறிப்பாக்கும் பிக்கப் ஒற்றைச் சுருள் உடையதாக இருந்தால் மெல்லிய இரைச்சல் இருப்பது இயல்பு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் அலைவுடையது என்பதால் அதைப் பிக்கப் பிடித்துக்கொள்கிறது. தந்தியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் புவித்தொடுப்பு சரியாக இருக்கிறது. தொட்டும் மாறாமல் இருந்தாலோ அதிகரித்தாலோ உள்ளே ஒரு கம்பி விட்டுப்போயிருக்கலாம். அதைப் பற்றவைப்பது சிறு வேலைதான், ஆனால் கடையே செய்து தரவேண்டிய வேலை.

ஒலியின் தன்மையைப் பற்றி இங்கே ஒன்று மட்டும் சொல்கிறேன். பிக்கப்பைப் பின்னாளில் மாற்றிக்கொள்ளலாம், நெக்கையும் ஃபிரெட்டையும் அவ்வளவு எளிதாக மாற்ற இயலாது. ஒலி சற்று மந்தமாக இருந்தும் நெக் நன்றாக அமைந்த கிட்டாரையும், ஒலி இனிமையாக இருந்தும் ஃபிரெட்டுகள் ஏறி இறங்கும் கிட்டாரையும் அருகருகே வைத்தால், தயங்காமல் முதலாவதை வாங்குங்கள்.

9. முழுச் செலவைக் கணக்கிடுங்கள்

வெளிநாட்டு இணையக் கடையில் 380 வெள்ளிக்குக் கிடைக்கும் கிட்டாருக்கு அனுப்பும் கட்டணம் 100 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். பொருள் சேவை வரி 2024 ஜனவரி முதல் 9 விழுக்காடு, அது அனுப்பும் கட்டணத்தையும் சேர்த்தே கணக்கிடப்படுகிறது. ஆகவே வீட்டு வாசலுக்கு வரும்போது விலை 523 வெள்ளியைத் தாண்டிவிடும். அந்தத் தொகைக்கு இங்குள்ள கடையில் ஒரு படி மேலான கிட்டாரைச் சோதித்தே வாங்கலாம். இணையத்தில் வாங்கினால் மேலே சொன்ன சோதனைகளில் ஒன்றையும் முன்கூட்டிச் செய்ய இயலாது, திருப்பி அனுப்பும் செலவும் பெரும்பாலும் நம் தலையில்தான் விழும்.

உள்ளூர்க் கடையில் வாங்குவதற்கு இன்னொரு வலுவும் உண்டு. 2012 செப்டம்பர் முதல் நடப்பிலுள்ள, குறையுள்ள பொருள்களுக்கான லெமன் சட்டத்தின்படி, பொருளை ஒப்படைத்த 6 மாதத்துக்குள் குறை தெரியவந்தால், அது ஒப்படைத்தபோதே இருந்ததாகக் கொள்ளப்படும். பழுதுபார்த்தோ மாற்றியோ தரும்படி கடையைக் கேட்கலாம், அது இயலாதபோது விலைக்குறைப்போ பணமோ கேட்கலாம். விற்பனையாளர் முன்பே எடுத்துச்சொன்ன குறைக்கு இது பொருந்தாது. பழைய பொருள்கள் விற்கும் இணையத் தளமான கேரசலில் ஒரு தனிநபரிடம் வாங்கினாலும் பொருந்தாது.

கேரசலில் வாங்குவதற்கு எதிராக நான் எதுவும் சொல்லவரவில்லை. தேசிய சேவைக்குப் போனவர்கள் விற்றுவிடும், அதிகம் வாசிக்கப்படாத நல்ல கிட்டார்கள் அங்கே கிடைக்கின்றன. நேரில் சென்று அதே வரிசையில் சோதியுங்கள். ஃபிரெட்டுகளில் தந்தி பதிந்த பள்ளங்கள், பிரிட்ஜ் திருகாணிகளில் துரு, ஜாக்கைச் சுற்றிப் பச்சை படிவது ஆகிய மூன்றையும் கூடுதலாகப் பாருங்கள். சேடிலின் உயரத் திருகாணி துருவால் இறுகியிருந்தால் தந்தியின் உயரத்தை மாற்றவே முடியாது. பல ஆயிரம் வெள்ளி விலையுள்ள பெயரைத் தாங்கிய கிட்டார் புதிதாகவே சில நூறு வெள்ளிக்குக் கிடைத்தால் அது போலி, சோதிக்கவும் தேவையில்லை.

விலையோடு சேர்த்துக்கொள்ளவேண்டியவை: ஒரு புதிய தந்தித் தொகுதி, நட் வேலை, ஒருமுறை முழுச் சரிபார்ப்புக்கான கூலி, உறை, ஹெட்ஃபோன் துளையுள்ள சிறு ஆம்ப்ளிஃபையர். அடுக்குமாடி வீவக வீட்டில் இரவில் வாசிப்பவருக்கு அந்தத் துளை இன்றியமையாதது. 500 வெள்ளி கையில் இருந்தால் முழுவதையும் கிட்டாருக்கே கொடுத்துவிடாமல், 350 வெள்ளிக் கிட்டாரை நன்றாகச் சரிபார்த்து வாசிப்பதையே நான் பரிந்துரைப்பேன்.

10. வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு

கடையின் குளிர்ந்த, வறண்ட காற்றிலிருந்து கிட்டார் வேறொரு காற்றுக்கு வருகிறது. சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கும் மேல், விடியற்காலையில் அது 90 விழுக்காட்டையும் தாண்டும். நெக் ஈரத்தை உறிஞ்சி மெல்ல அசையும். எனவே வந்த அன்றே சரிபார்ப்பு வேலையைத் தொடங்காதீர்கள். சுருதி சேர்த்து, அது வழக்கமாக இருக்கப்போகும் அறையிலேயே இரண்டு வாரம் வைத்து வாசியுங்கள்.

பிறகு புதிய தந்திகளை மாட்டி, இதே வரிசையில் செய்யுங்கள்: சுருதி, நெக்கின் வளைவு, நட், தந்தியின் உயரம், இன்டோனேஷன், கடைசியாகப் பிக்கப்பின் உயரம். டிரஸ் ராடை ஒரு தடவையில் கால் சுற்றுக்கு மேல் திருப்பவேண்டாம். திருப்பிய பின் சுருதியைச் சேர்த்து, மறுநாள் மீண்டும் அளந்து பாருங்கள். ஆசியாவில் தயாராகும் கிட்டார்களின் சேடில் திருகாணிகள் பெரும்பாலும் மெட்ரிக் அளவிலானவை. அங்குல அளவுச் சாவியை அழுத்தித் திருப்பினால் தலை வழுக்கிவிடும். கிட்டாருடன் வந்த சாவிகளை உறைக்குள்ளேயே பத்திரப்படுத்துங்கள்.

பிக்கப்பின் உயரத்துக்கு, கடைசி ஃபிரெட்டில் தந்தியை அழுத்திக்கொண்டு அளக்கவேண்டும். ஒற்றைச் சுருள் பிக்கப்புக்குத் தடித்த தந்தியின் பக்கம் 2 மில்லிமீட்டர், மெல்லிய தந்தியின் பக்கம் 1.6 மில்லிமீட்டர் என்று தொடங்கலாம். மேலும் நெருக்கினால் ஒலி வலுக்கும், ஆனால் காந்தம் தந்தியைப் பிடித்திழுத்துச் சுருதியைக் கலைக்கும்.

குளிர்சாதனக் காற்று நேராக வீசும் இடத்திலும், வெயில் விழும் சன்னலோரத்திலும், வெளிச்சுவரிலும் கிட்டாரை வைக்காதீர்கள். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் தந்திகளின் மேலும் கீழும் துடையுங்கள். வியர்வையும் ஈரமும் சேர்ந்தால் இங்கே தந்திகள் சில வாரங்களிலேயே துருப்பிடிக்கும். நீண்ட நாள் வாசிக்காமல் வைக்க நேர்ந்தால் சிலிக்கா ஜெல் பைகளுடன் உறையில் வைத்து, மாதம் ஒருமுறை வெளியே எடுத்துச் சுருதியையும் நெக்கின் வளைவையும் பாருங்கள். வாங்கிய 6 மாதம் முடிவதற்கு முன் ஐந்தாம் பகுதியிலுள்ள ஃபிரெட் சோதனையை ஒருமுறை முழுமையாகத் திரும்பச் செய்யுங்கள். மரம் நம் காற்றுக்குப் பழகும் அந்த இடைவெளியில் ஏதேனும் ஒரு ஃபிரெட் எழும்பியிருந்தால், ரசீதுடன் கடைக்குக் கொண்டுசெல்ல அப்போது இன்னும் காலம் இருக்கும்.